மண்ணெண்ணெயில் ஓடிய மரணம்

"ஐயய்யோ...! கெணத்துல வுழுந்துட்டாரே...! யாராச்சும் ஓடியாங்களேன்...!"

காலை ஏழேகால் மணி. கடத்தூரிலிருந்து மூன்று மைல் தள்ளி, மாதேஸ்வரனின் மிளகாய்க் காட்டில் அந்த அலறல் கேட்டது.

பக்கத்துக் காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ராமக்காள் கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

கிணற்று மேட்டில் மாதேஸ்வரனின் மனைவி கோவிந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஓர் எருக்கூடை.

ராமக்காள் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள்.

சுற்றுச்சுவர் இல்லாத தரைக் கிணறு. நாற்பத்தைந்தடி ஆழம். பாதியில் பாறையை வெட்டாமல் விட்ட திட்டின் மேல் ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதற்கும் கீழே... முழங்கால் அளவுத் தண்ணீரில்... குப்புறக் கிடந்தான் மாதேஸ்வரன்!

"எப்படிடி ஆச்சு...?"

"எனக்கென்ன தெரியும்? நான் வூட்டுல இருந்தேன். தடால்னு சத்தம் கேட்டு ஓடியாந்து பாத்தா... அந்தப் பாழாப்போன வண்டி அக்கா... நூர் பாஷா கட்டிக் குடுத்தானே, அந்த வண்டி! அதுதான் இவரைக் கொன்னு போட்டுடுச்சு...!"

*

பத்து மணி.

கடத்தூர் கடைவீதியில் நூர் பாஷாவின் பட்டறை முன்னால் போலீஸ் ஜீப் மூன்று முறை இருமிவிட்டு நின்றது.

உள்ளே நூர் பாஷா ஒரு புல்லட்டின் எஞ்சின் மேல் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வயது. எஞ்சினுக்கு ஒரு காது, உலகத்துக்கு ஒரு காது. உலகத்துக்கான காது கொஞ்சம் மந்தம்.

மருந்தடிக்கும் ஸ்பிரேயரைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வாசலில் நின்றாள்.

"பாய்... இதுல காத்து நிக்க மாட்டேங்குதுங்க. வாசர் போயிருக்கும்னு..."

"ஆம்பளையை அனுப்பும்மா!" திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொம்பளைங்ககிட்ட மிஷின் பேசினா எனக்குத் தலைவலி வரும்."

அவள் ஸ்பிரேயரோடு போய்விட்டாள். அந்த இடத்தில் இன்ஸ்பெக்டர் சவுரியப்பன் வந்து நின்றார்.

"பாய்! மாதேஸ்வரன் வண்டி நீ கட்டுனதுதானே?"

"நான் கட்டுனதுதாங்க சார்! ஏன்? மறுபடியும் தள்ளிக்கிட்டு வர்றானா?"

"இல்ல. இந்தத் தடவை அவனைத்தான் தூக்கிக்கிட்டு வரணும். செத்துட்டான்."

ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்தது.

"வண்டியோட கெணத்துல பாய்ஞ்சிருக்கான். வண்டி கட்டுனவன் சரியில்ல, பிரேக் பிடிக்கலன்னு அவன் சம்சாரம் உன் மேல எழுதிக் குடுத்திருக்கு. கவனக்குறைவால மரணம். நிரூபணமானா ரெண்டு வருஷம் உள்ள. பட்டறைக்கும் சீல். ஏறு ஜீப்புல!"

"என் வண்டியா...? பிரேக்கா...?" நூர் பாஷாவுக்கு மாதேஸ்வரன் செத்ததைவிட அந்த இரண்டாவது சொல்தான் அதிகம் சுட்டது. "சார்! என்னை வேணா திருடன்னு சொல்லுங்க. என் வண்டி சரியில்லன்னு மட்டும் சொல்லாதீங்க!"

"ரெண்டையும் கோர்ட்டு சொல்லும். மொதல்ல வெளிய வந்து ஜீப்பைத் தள்ளு. தள்ளுனாத்தான் ஸ்டார்ட் ஆகும்."

கான்ஸ்டபிள் மாரப்பனும் நூர் பாஷாவும் தள்ளினார்கள். கைதாகப் போகிறவனே தள்ளிவிட்ட ஜீப் அந்த மாவட்டத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்!

*

"மூணு மாசம் ஆச்சுங்க சார் அதைக் கட்ட..."

ஜீப்பில் நூர் பாஷாவின் வாய் மூடவில்லை.

"யுத்த காலத்து மோட்டார் சைக்கிள். எஞ்சின் செத்துப் போயி வெறும் கூடு. மாதேசு போன வருஷம் அதை ஏலத்துல எடுத்துட்டு வந்தான். கெணறு வத்திப் போச்சு, அதுல இருந்த தண்ணி எறைக்கிற எஞ்சின் சும்மா கெடக்குது, இதுல மாட்டிக் குடு பாய்னான். கிருஷ்ணாயில்ல, அதாங்க மண்ணெண்ணெய்ல, ஓடுற எஞ்சினுங்க! பெட்ரோல் விலை ஏறிக் கெடக்கிற இந்த எழுபத்து நாலாம் வருஷத்துல கிருஷ்ணாயில்ல ஓடுற மோட்டார் சைக்கிள்! யாருக்குத்தான் ஆசை வராது?"

"ஆசை காட்டிட்டுக் கெணத்துல தள்ளிட்டே."

"கேளுங்க சார்! கெணத்து எஞ்சினுக்கு ஒரே வேகந்தான் தெரியும். அதுக்கு வேகம் கத்துக் குடுக்கணும். வேகத்தைக் கட்டிப் போடுற கவர்னரைக் கழட்டினேன். பழைய கியர் பாக்ஸோட செயின் சேரணும்னு சேலம் போயி பல் சக்கரம் கடைஞ்சுட்டு வந்தேன். ஓடுற ஆட்டத்துல எஞ்சின் உக்கார்ற இரும்பு ஒடையும். ஏழு தடவை ஒடைஞ்சுது, ஏழு தடவை பத்த வச்சேன். அதுக்கு மேல இருபது நாள் ட்யூனிங்கு. தொப்பூர் கணவாய் மேட்டுல ரெண்டு பேரை வச்சு ஏத்திக் காட்டினேன் சார்!"

"கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஊர்ல வேற ஒண்ணும் சொல்றாங்களே? முந்தா நேத்து டீக்கடையில வச்சு மாதேஸ்வரனை என்ன சொன்னே?"

நூர் பாஷா விரலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

"சொல்லு பாய்."

"கோவத்துல சொன்னதுங்க..."

"என்ன சொன்னே?"

"இன்னொரு தடவை தள்ளிக்கிட்டு வந்தே... உன்னையும் வண்டியையும் சேத்துக் கெணத்துல தள்ளிடுவேன்னு..."

*

மிளகாய்ச் செடிகள் எல்லாம் தலை தொங்கிப் போய் நின்றன. கிணற்று மேட்டில் ஊர் கூடியிருந்தது. பிணத்தைக் கயிறு கட்டி மேலே எடுத்துப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மண்டை பிளந்திருந்தது.

நூர் பாஷாவைப் பார்த்ததும் கோவிந்தம்மாள் எழுந்தாள்.

"வாங்க பாய்! உங்க வேலைப்பாட்டைப் பாத்துட்டுப் போங்க! நல்லா இருப்பீங்களா நீங்க...?"

நூர் பாஷா தலை குனிந்துகொண்டான். பாறையில் வெட்டியிருந்த படிகளில் இன்ஸ்பெக்டரோடு திட்டுக்கு இறங்கினான். மாரப்பன் கை கொடுக்க, சாய்ந்து கிடந்த வண்டியை நிமிர்த்தினார்கள்.

முன் சக்கரம் எட்டாக வளைந்திருந்தது. வார்ப்பிரும்பு எஞ்சினுக்கு ஒரு கீறல்கூட இல்லை!

"பிரேக்கைப் பாருங்க சார்." நூர் பாஷா பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மிதித்தான். சக்கரம் கப்பென்று நின்றது. "பிடிக்குதா, இல்லையா?"

"இப்போ பிடிக்குது. வுழுந்தப்போ பிடிக்கலையோ என்னவோ."

அடுத்து என்ன காட்டுவது என்று தெரியாமல் நூர் பாஷா வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். திடீரென்று குனிந்தான். டாங்குக்குக் கீழே இருந்த இரண்டு திருகுகளையும் தொட்டுப் பார்த்தான்.

"சார்...!"

"என்ன?"

"ரெண்டு திருகும் மூடியிருக்கு சார்!"

"அதனால?"

"இது பெட்ரோல் திருகு. இது கிருஷ்ணாயில் திருகு. இந்த எஞ்சினைப் பெட்ரோல்ல கெளப்பணும். சூடானதும் கிருஷ்ணாயிலுக்கு மாத்தணும். நிறுத்தறப்போ கிருஷ்ணாயிலை மூடிட்டு ஒரு நிமிஷம் பெட்ரோல்ல ஓடவுடணும். அப்பத்தான் கார்புரேட்டர்ல பெட்ரோல் தங்கும், மறுநா ஸ்டார்ட் ஆகும். கிருஷ்ணாயில்லயே நிறுத்திட்டா ஆறின எஞ்சின் உயிர் போனாலும் பிடிக்காது!"

பேசிக்கொண்டே கார்புரேட்டரின் அடித் திருகைக் கழற்றி உள்ளங்கையில் நாலு சொட்டு ஏந்தி நீட்டினான்.

"மோந்து பாருங்க!"

சவுரியப்பன் மோந்தார். "பெட்ரோல்."

"அதான் சார்! இந்த வண்டி ஓடிக்கிட்டே வந்து வுழுகல. யாரோ மொறையா பெட்ரோலுக்கு மாத்தி, ஓடவுட்டு, ரெண்டு திருகையும் மூடி நிறுத்தியிருக்காங்க. அப்புறந்தான் வண்டியைக் கெணத்துல தள்ளியிருக்காங்க! என் வண்டி யாரையும் கொல்லல!"

"மாதேஸ்வரனே நிறுத்தியிருக்கலாமே?"

"அவனா...?" நூர் பாஷா சிரித்தேவிட்டான். "நூறு தடவை சொல்லியிருக்கேன் சார். ஒரு நாளும் மாத்தினதில்ல. கிருஷ்ணாயில்லயே நிறுத்துவான், ஸ்டார்ட் ஆகாது, தள்ளிக்கிட்டு என் பட்டறைக்கு வருவான். அதுக்குத்தானே சண்டை! கடத்தூரே பாத்திருக்கே!"

"ஆமாங்க ஐயா," என்றான் மாரப்பன். "நானே ரெண்டு தடவை தள்ளி வுட்டிருக்கேன்."

சவுரியப்பன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அப்போ இது விபத்து இல்ல. கொலை. அப்படித்தானே?"

"கண்டிப்பாக் கொலைங்க சார்!"

"இந்த வண்டியை மொறையா நிறுத்தத் தெரிஞ்ச ஒருத்தன் செஞ்ச கொலை?"

"அதுல என்ன சார் சந்தேகம்?"

"அப்படித் தெரிஞ்சவன் இந்தச் சுத்துவட்டாரத்துல யாரு பாய்?"

நூர் பாஷா நெஞ்சை நிமிர்த்தினான். தொழில் கர்வம் பாருங்கள்... அது எங்கே எந்த நேரத்தில் வாயைத் திறக்கும் என்று சொல்லவே முடியாது!

"நான் ஒருத்தன்தான் சார்!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கே உறைத்தது.

"மாரப்பா, விலங்கை எடு."

"சார்...! சார்...!"

"ஏழு மணிக்கு எங்க இருந்தே?"

"பட்டறையில சார்... தனியா..."

"கெணத்துல தள்ளுவேன்னு டீக்கடையில சொன்னே. சொன்னபடி தள்ளிட்டே. ரெண்டு வருஷத்துல போக வேண்டியவன், வாயால பேசியே தூக்குமேடை வரைக்கும் ஏறிட்டியேய்யா!"

க்ளிக்...!

இடது கையில் விலங்கு விழுந்தது. நூர் பாஷாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. வண்டி தப்பித்துவிட்டது. கட்டினவன் மாட்டிக்கொண்டான்.

"சார்... ஒரே ஒரு தடவை இதை ஒதைச்சுப் பாத்துடறேன். நான் சொன்னது நெஜம்னா இது பிடிக்கும்."

"பிடிச்சா நீ கொலைகாரன். பிடிக்கலன்னா நீ கவனக்குறைவுக்காரன். எப்படியும் உள்ள போறது நீதான். ஒதை!"

நூர் பாஷா பெட்ரோல் திருகைத் திறந்தான். கிக்கரை உதைத்தான்.

புஸ்ஸ்...!

மறுபடி உதைத்தான். புஸ்ஸ்...! மூன்று... நான்கு... எட்டு...!

மேலே கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நூர் பாஷாவின் முகம் வெளிறிவிட்டது. அவன் கட்டிய எஞ்சின் பெட்ரோலில் எட்டு உதைக்குப் பிடிக்காமல் போனதே இல்லை!

பின்னால் போய்க் குனிந்தான். சைலன்ஸர் வாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டான்.

"மாரப்பண்ணே, நீங்க ஒரு ஒதை ஒதைங்க."

மாரப்பன் உதைத்தான். உள்ளங்கையில் காற்றே படவில்லை!

நூர் பாஷா சைலன்ஸருக்குள் இரண்டு விரலை விட்டான். எதுவோ தட்டுப்பட்டது. பிடித்து இழுத்தான்.

வந்தது... வந்தது... வந்துகொண்டே இருந்தது. முறுக்கி உள்ளே திணித்திருந்த ஒரு முழத் துணி!

"என்னய்யா அது?"

நூர் பாஷா துணியைத் தோளில் போட்டுக்கொண்டான். கிக்கரை ஓர் உதை உதைத்தான்.

டப்... டப்... டப்... டப்... டப்...!

கிணறு முழுவதும் அந்தச் சத்தம் நிறைந்தது. மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லை அது. வயற்காட்டில் விடியற்காலையில் கேட்குமே, அந்தத் தண்ணீர் இறைக்கும் சத்தம்!

மேலே கோவிந்தம்மாளின் அழுகை நின்றது.

நூர் பாஷா எஞ்சினை அணைத்தான். துணியைப் பிரித்தான். சாணி வாசனை அடித்தது. அவன் குரல் இறங்கிப் போயிருந்தது.

"சார்... இதை நான் செய்யலங்க. பட்டறைக்காரன் எவனும் செய்ய மாட்டான். இது கெணத்துக்காரங்க வழக்கம். நின்ன எஞ்சினோட பொகைக் கொழாய்ல குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டிடும். மறுநா எஞ்சின் மூச்சு வுடாது. அதனால எஞ்சினை நிறுத்தின உடனே கொழா வாயில துணியை அடைச்சுட்டுத்தான் கெணத்தை வுட்டு ஏறுவாங்க. மூளை வேணாம்... கை தன்னால செய்யும்."

சவுரியப்பன் நிமிர்ந்து மேலே பார்த்தார்.

"இங்க எஞ்சின் இருந்தப்போ அதை ஓட்டுனது யாரு?"

கூட்டம் கோவிந்தம்மாளைத் திரும்பிப் பார்த்தது. ராமக்காள்தான் வாயைத் திறந்தாள்.

"மாதேசு ஒரு நாளும் கெணத்துல எறங்கினதில்லீங்க. பத்து வருசமா கோவிந்தம்மாதான் எஞ்சின் போடும். அதுதான் நிறுத்தும்."

"காலையில நீ என்ன கேட்டே?"

"எஞ்சின் சத்தம் கேட்டுச்சுங்க. அப்புறம் நின்னு போச்சு. வெத்தலை போடுற நேரம் கழிச்சுத்தான் தடால்னு கேட்டுச்சு."

"இதை ஏன் மொதல்லயே சொல்லல?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க?"

சவுரியப்பன் படியேறி மேட்டுக்கு வந்தார். எருக்கூடை இன்னும் அங்கேயே இருந்தது. சாணியில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரம்.

"வூட்டுல இருந்தேன்னு சொன்னியே அம்மா... கூடை இங்க வந்திருக்கு. சரி, இருக்கட்டும். எருக்கூடையைச் சும்மாடு இல்லாம யாரும் தலையில தூக்க மாட்டாங்க. உன் சும்மாட்டுத் துணி எங்கே?"

கோவிந்தம்மாள் பார்த்தாள். விலங்கு மாட்டிய கையோடு படியேறி வந்த நூர் பாஷாவின் விரல்களில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தானையை எடுத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அது என் எஞ்சினுங்க," என்றாள்.

"என்ன?"

"கழுத்துல தாலியைத் தவிர இருந்ததெல்லாம் போட்டு நான் வாங்கின எஞ்சினு. கெணறு வத்துச்சுன்னு கழட்டி வண்டி கட்டிக்கிட்டாரு. நான் ஆடி மாசத்துல கூலிக்காரங்களோட சேந்து அஞ்சடி வெட்டினேன். ஊத்து வந்துடுச்சுங்க! தண்ணி நிக்குது, தூக்கறதுக்கு எஞ்சின் இல்ல. எஞ்சினைக் குடுய்யான்னு காலைப் பிடிச்சேன். ஊரே நின்னு வேடிக்கை பாக்கற வண்டிடி இது, போடின்னாரு. தெனமும் அந்தச் சத்தம் ரோட்டுல போவும். எனக்குத் தெரிஞ்ச சத்தம். இங்க செடி காயும்."

"காலையில என்ன நடந்துச்சு?"

"எஞ்சினை அணைக்காம வண்டியை மேட்டுல வுட்டுட்டு, எங்கடி உன் ஊத்துன்னு எட்டிப் பாத்தாரு. பாத்துட்டு, இந்த மூத்திரத்துக்கா எஞ்சின் கேக்கறேன்னு சிரிச்சாரு. நான் கூடையை எறக்கி வச்சேன். தள்ளிட்டேன்."

அவள் கூடையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"எஞ்சின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. கிருஷ்ணாயில் வீணாப் போவுதேன்னு மொதல்ல அதை நிறுத்தினேன். கை என்னென்ன செஞ்சுச்சோ எனக்குத் தெரியாது. அப்புறந்தான் வண்டியையும் தள்ளிட்டா விபத்தாயிடும்னு தோணுச்சு. அதுக்கும் அப்புறந்தான் அழுவறதுக்கு ஞாபகம் வந்துச்சு."

"சரி... அந்தப் பழியை ஏம்மா பாய் மேல போட்டே?"

"எஞ்சினைக் கெணத்துல இருந்து எடுத்தது ரெண்டு பேருங்க. ஒருத்தரைக் கெணத்துக்கு அனுப்பினேன். ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பலாம்னு பாத்தேன்."

நூர் பாஷாவுக்கு ஆத்திரம் பொங்கியது. அழுகையும் வந்தது.

"தண்ணி வந்தது எனக்கெப்படிம்மா தெரியும்? ஒரு வார்த்தை என்கிட்ட வந்து சொல்லியிருந்தா அரை நாள்ல கழட்டிக் கொண்டாந்து மாட்டியிருப்பேனே...!"

"வந்தேனுங்க பாய்."

"எப்போ?"

"ரெண்டு தடவை வந்தேன். நீங்க திரும்பிக்கூடப் பாக்கல. ஆம்பளையை அனுப்பும்மா, பொம்பளைங்ககிட்ட மிஷின் பேசினா தலைவலின்னீங்க."

நூர் பாஷா ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவன் பேச்சற்று நின்றதை அந்த ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. மாரப்பன் வந்து விலங்கைக் கழற்றியதுகூட அவனுக்குத் தெரியவில்லை. அந்த விலங்கு கோவிந்தம்மாளின் கைக்குப் போனது.

அவள் இரண்டடி நடந்துவிட்டு நின்றாள்.

"சார்... எஞ்சின் ஓடுதுங்களே. பழைய பம்பு வூட்டுலதான் இருக்கு. இந்தச் செடிக்கு மட்டும் ஒரு தண்ணி கட்டிட்டு வந்துடட்டுங்களா?"

சவுரியப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கெணத்துக்கு சீல் வைக்கணும்மா. வண்டியும் கோர்ட்டுக்குப் போகும். கேஸ் முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"எப்போ முடியுங்க?"

"ரெண்டு வருஷம்... மூணு வருஷம்..."

கோவிந்தம்மாள் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

"அதுக்குள்ள மறுபடியும் வத்திடுங்க."

*

ஜீப்பின் பின் ஸீட்டில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். மாரப்பன் சாவியைத் திருகினான். ஜீப் மூன்று முறை இருமியது. அவ்வளவுதான். மாரப்பன் இறங்கி, தள்ளுவதற்கு ஆள் சேர்க்கக் கிணற்று மேட்டுக்குப் போனான்.

சவுரியப்பன் சலிப்போடு வெளியே எட்டிப் பார்த்தார்.

"பாய்! நீதான் தப்பிச்சுட்டியே, அப்புறம் ஏன் எழவு வூட்டுல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கே? எந்திரிச்சு வா. இந்த ஜீப்போட எஞ்சினே சரியில்லய்யா. உன் கைவரிசையைக் காட்டி இதுக்கும் வேற எஞ்சின் மாத்திக் குடேன்!"

நூர் பாஷா எழுந்து வந்தான். பின் ஸீட்டை ஒரு முறை பார்த்தான். ஜீப்பின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னான்.

"தாராளமா மாத்திடலாங்க சார்... எந்தக் கெணத்து எஞ்சினை எடுக்கறதா இருந்தாலும் மொதல்ல அந்த வூட்டு அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க!"